இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை கேட்கும் கேள்வி



மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும் கூட்டங்கள் சிங்கப்பூரில் நிறையவே நடக்கின்றன. சமயம் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது பற்றிய பேச்சும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுகிறது. முதலாவதை அலுவலகத்தில் உரக்கப் பேசுகிறார்கள். இரண்டாவதை வீட்டில், அதுவும் பாட்டி உறங்கப் போன பிறகு, குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயம் என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

செங்காங்கில் ஒரு வீவக வீடு. பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு என்பதால், நேயர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். கணவர் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவர். மனைவி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருவரும் மென்பொருள் பொறியாளர்கள். இருவருக்கும் சமய நம்பிக்கை இல்லை. சாமிப் படம் மாட்டியிருக்க வேண்டிய மூலையில் புத்தக அலமாரி நிற்கிறது. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் ஏழு வயது மகள் ஒருத்தி.

இரவு ஒன்பது மணி. நியூயார்க்கில் அப்போதுதான் காலை ஒன்பது. அங்கே அலுவலகம் திறக்கிற நேரம். அப்பா கணினி முன்னால் உட்கார்ந்து தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். மகள் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

"அப்பா, நம்ம தாத்தா இப்போ எங்கே இருக்காங்க?"

தாத்தா இறந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று பள்ளி உணவகத்தில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மலாய்த் தோழி தன் தாத்தா சொர்க்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சீனப் பையன் தன் தாத்தாவுக்குக் காகிதத்தில் வீடும் காரும் செய்து எரித்து அனுப்பியதைச் சொல்லியிருக்கிறான். இன்னொரு தமிழ்ப் பிள்ளை, தாத்தாதான் தனக்குத் தம்பியாகப் பிறந்திருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். "உன் தாத்தா?" என்று கேட்டபோது இவளிடம் பதில் இல்லை.

"கொஞ்சம் இரும்மா, மீட்டிங் முடியட்டும்" என்றார் அப்பா. மீட்டிங் பத்தே காலுக்கு முடிந்தது. பிள்ளை உறங்கிவிட்டாள். அம்மா? அடுத்த அறையில் அவருக்கு அன்று ரிலீஸ்.

மறுநாள் மாலை அந்தக் கேள்வி பணிப்பெண்ணிடம் போனது. அவர் பிலிப்பீன்ஸ் நாட்டவர், கத்தோலிக்கர், நல்ல மனுஷி. பாத்திரம் கழுவிக்கொண்டே, "உன் தாத்தா ஏசுவோடு இருக்கிறார், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது அந்த நல்ல சேதியைப் பாட்டியிடமும் சொன்னாள். "பாட்டி, தாத்தா ஏசுகூட இருக்காங்க!"

மூன்று மாதத்துக்கு முன் கணவரைப் பறிகொடுத்த அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நீ கோயிலுக்குப் போகலைன்னா அது உன் இஷ்டம். பிள்ளைக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா?"

மகனுக்குக் கோபம் வந்தது. யார் மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பணிப்பெண் மதம் மாற்ற முயலவில்லை. கேட்ட பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்ததை ஆறுதலாகச் சொன்னார். பள்ளித் தோழர்களும் தங்கள் வீட்டில் கேட்டதைத்தான் சொன்னார்கள். எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. பதில் சொல்ல நேரமும் இருந்தது. பெற்றோரிடம் மட்டும் இரண்டும் இல்லை.

பிள்ளையின் கேள்வி காத்திருப்பதில்லை. கையில் நேரம் வைத்திருப்பவரிடம் போய்விடும். சமயம் இல்லாமல் பிள்ளை வளர்க்க நினைக்கும் பொறியாளர் தன் தொழிலைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஐந்தில் ஒருவர்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று கூறினார்கள். 2010இல் அது 17 விழுக்காடு. ஐந்தில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். ஆகவே, சமயம் இல்லாத தமிழ்ப் பிள்ளை தன் தமிழ் வகுப்பில் பெரும்பாலும் தனியாளாகத்தான் இருக்கும்.

சட்டத்தில் தடை ஏதும் இல்லை. 18 வயது நிரம்பாத பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை அரசமைப்புச் சட்டம் பெற்றோரிடம்தான் விட்டிருக்கிறது. தன்னுடையதல்லாத சமயத்தின் வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி யாரையும் வற்புறுத்த முடியாது என்றும் அது கூறுகிறது.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பள்ளிக்கூடம் ஒரு முறை முயன்று பார்த்த விஷயம் இது. 1984ஆம் ஆண்டு முதல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமய அறிவுப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. இந்து சமயம், இஸ்லாம், பௌத்தம், விவிலியம், சீக்கியம், கன்ஃபியூசிய நெறி என்று பிரித்துக் கற்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே, இது பிள்ளைகளுக்கு இடையில் உள்ள கோடுகளை இன்னும் தடிமனாக்கிவிடுமோ என்ற கவலை வந்தது. 1989இல் அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். இன்று தொடக்கப்பள்ளியில் நன்னெறிப் பாடம் தாய்மொழியிலேயே நடக்கிறது. தமிழாசிரியரே மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, பரிவு, நல்லிணக்கம் ஆகியவற்றைத் தமிழில் கற்பிக்கிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் செத்துப்போன தாத்தா எங்கே என்பது அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. அது வீட்டுக்குரிய கேள்வி.

எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள்?

தமிழர்களிடையே சமயம் வேண்டாம் என்ற எண்ணம் கணினியோடு வந்ததல்ல. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்குப் பயணம் வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்ற தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்ட தலைமுறை அது.

அவர்கள் எதை வேண்டாம் என்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக எதை வைத்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1952இல் சாரங்கபாணியின் முயற்சியால் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. இந்துவோ, முஸ்லிமோ, கிறிஸ்துவரோ, எந்தச் சமயமும் இல்லாதவரோ, தமிழர் என்ற முறையில் எல்லாரும் வந்து சேர, தை முதல் நாளை ஒட்டி ஒரு விழா. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கலை நிகழ்ச்சி என்று பிள்ளைகளுக்கு மேடை போட்டுக் கொடுத்தார்கள். எடுத்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகவில்லை.

இன்றைய பொறியாளர் குடும்பத்தில் எடுப்பது மட்டும் சுலபமாக நடந்துவிடுகிறது. வைப்பதற்கு ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் அவர் மீட்டிங்கில் இருக்கிறார்.

சமயம் ஒரு வீட்டுக்கு நம்பிக்கையை மட்டும் கொடுப்பதில்லை. நாள்காட்டியைக் கொடுக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்ற வேண்டும் என்றால் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மனிதர்களைக் கொடுக்கிறது, கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ வாரந்தோறும் பார்க்கும் முகங்கள், நோய் என்றால் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறவர்கள். சொற்களையும் கொடுக்கிறது, துக்க வீட்டில் என்ன சொல்வதென்று யாரும் தடுமாற வேண்டியதில்லை.

கும்பகோணத்துத் தாத்தா இறந்தபோது மகன் நான்கு நாள் விடுப்பில் போய்த் திரும்பினார். வேலை அப்படி. பேத்திக்குப் பள்ளி இருந்ததால் அவள் போகவில்லை. பதினாறாம் நாள் சடங்கில் அவருக்கு நம்பிக்கை இல்லாததால் அதற்கும் போகவில்லை. அந்தப் பதினாறாம் நாள் என்பது என்ன? உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து, சாப்பிட்டு, இறந்தவரைப் பற்றிப் பேசுகிற நாள். மந்திரத்தை வேண்டாம் என்றவர் அந்தப் பேச்சையும் சேர்த்து இழந்தார். அவருடைய மகளுக்குத் தாத்தாவைப் பற்றி ஒரு நாள்கூட யாரும் உட்கார்ந்து பேசவில்லை. சமயம் சாராமல் அஸ்தியைத் தூவுவதற்கு 2021இல் சுவா சூ காங்கில் ஒரு தோட்டமே திறந்திருக்கிறார்கள். இடத்தை அரசாங்கம் கொடுக்கலாம். பேசுவதற்கு ஒரு மாலைப் பொழுதைக் குடும்பம்தான் கொடுக்க வேண்டும்.

வேலையின் கடிகாரம்

இனித் தொழில் விஷயத்துக்கு வரலாம். மென்பொருள் பொறியாளருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனைகள் தெரிந்தவைதான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறு. மாறும்போது சம்பளத்தை உயர்த்திக் கேள். புதிய தொழில்நுட்பம் எதுவோ அதைக் கற்றுக்கொள். வட்டாரப் பொறுப்பு கிடைத்தால் விடாதே. தப்பான ஆலோசனை என்று இவற்றை ஒதுக்க முடியாது. திருமணம் ஆகாத 26 வயதுக்காரருக்கு இவை பொருந்தும். ஏழு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில், அதுவும் பிள்ளைக்குக் கேள்வி வந்தால் கோயிலுக்கு அனுப்பப் போவதில்லை என்று முடிவெடுத்த வீட்டில், இவற்றைக் கடிகாரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வட்டாரப் பொறுப்பையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் காலை ஒன்பது என்றால் சிங்கப்பூரில் மாலை நான்கு அல்லது ஐந்து. பரவாயில்லை. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பது அல்லது பத்து. கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் இங்கே நள்ளிரவோ பின்னிரவு ஒரு மணியோ. பிள்ளை சாப்பிட்டு, குளித்து, கதை கேட்டு, மனத்தில் உள்ளதைச் சொல்லும் நேரம் எது? எட்டரையிலிருந்து ஒன்பதரை. பெரிய பெரிய கேள்விகளைப் பிள்ளைகள் பகல் பதினொரு மணிக்குக் கேட்பதில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் கேட்கிறார்கள். நியூயார்க்கோடு பேச வேண்டிய வேலை சரியாக அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு நான்கு இரவு, இரவுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஆண்டில் 48 வாரம் என்று வைத்தால் 288 மணி நேரம். பிள்ளை தொடக்கப்பள்ளியில் படிக்கும் ஆறு ஆண்டுகளுக்கு 1,728 மணி நேரம். முழு நாள்களாகச் சொன்னால் 72 நாள். வட்டாரப் பொறுப்புக்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தை இந்த 1,728ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். போட்டாலும் தவறில்லை. சில குடும்பங்களுக்கு அந்தப் பணம் உண்மையாகவே தேவை. தெரியாமல் போடுவதுதான் தவறு.

அடுத்தது ஆன்-கால் என்று சொல்லப்படும் காத்திருப்பு முறை. ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் விழுந்தால் யாருடைய தொலைபேசி அடிக்கும் என்பதற்கு முறை வைத்திருப்பார்கள். வங்கிகளில் இது ஏன் இவ்வளவு கெடுபிடி? முக்கியக் கணினி முறை ஒவ்வொன்றும், 12 மாத காலத்தில் திட்டமிடாமல் நின்றுபோகும் நேரம் மொத்தம் நான்கு மணிக்கு மேல் போகக்கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் விதித்திருக்கிறது. ஓர் ஆண்டுக்கே நான்கு மணி நேரம்தான். அதனால்தான் தொலைபேசி அடித்த சில நிமிடத்தில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. விதியில் குற்றம் இல்லை. பணம் எடுக்கப் போகிறவருக்கு இயந்திரம் வேலை செய்ய வேண்டும் அல்லவா?

பார்க்க வேண்டியது அந்த முறை எத்தனை பேருக்கிடையில் சுற்றுகிறது என்பதை. நான்கு பேர் கொண்ட குழு என்றால் ஆண்டுக்கு 13 வாரம் ஒருவர் தலையில் விழும். எட்டுப் பேர் என்றால் ஆறரை வாரம். சம்பளம் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் ஒரே வேலை அல்ல. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மேலாளரிடம் கேட்க வேண்டாம். தொழில்நுட்பக் கேள்வி கேட்க வரும் பொறியாளரிடம் கேட்கலாம். "போன மாதம் இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள்? எதனால்?" என்று கேட்டால் அவர் முகமே பாதி பதிலைச் சொல்லிவிடும். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது, சரிசெய்ய ஆள் ஒதுக்கவில்லை என்று தெரிந்தால், அந்த வேலைக்கு எத்தனை பெரிய பெயர் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

எதைக் கற்றுக்கொள்வது என்பதற்கும் வீட்டுக்கும் தொடர்பு உண்டு. ஓராண்டு புகழோடு இருந்து மறையும் கருவிகளின் பின்னால் ஓடுகிறவர் ஆயுள் முழுக்க இரவில்தான் படிக்க வேண்டியிருக்கும். பணப் பரிமாற்றம் எப்படி நடக்கிறது, துறைமுகத்தில் ஒரு கொள்கலன் எந்தெந்தத் தாளோடு நகர்கிறது, மருத்துவமனையில் மருந்துச் சீட்டு எப்படிப் போகிறது என்று ஒரு துறையின் உள்ளே போய்த் தெரிந்துகொண்டவரின் அறிவு அத்தனை சீக்கிரம் பழசாவதில்லை. ஜாவா 1995இல் வந்தது. இன்றும் அதில் வேலை நடக்கிறது. கோபால் அதற்கும் மூத்தது. 2022 இறுதியில் சேட்ஜிபிடி வந்த பிறகு நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரம் செய்துகொடுக்கிறது. அது எழுதிக்கொடுத்தது அந்தத் துறைக்குச் சரிப்படுமா என்று பார்க்க, துறை தெரிந்தவர்தான் வேண்டும். 40 வயதானவர்களுக்கு 2024இல் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை ஏதோ ஒரு சான்றிதழுக்குச் செலவழிப்பதை விட, இப்படி ஒரு துறைப் படிப்புக்குச் செலவழிப்பது மேல்.

கேட்டால் கிடைப்பவையும் உண்டு. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் முறைப்படி எழுதிக் கொடுத்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறை 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் இழுத்தடிக்க முடியாது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு என்பது 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை எடுத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று யோசித்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேலை போனால்?

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் ஒரே அறிவிப்பில் 11,000 பேரை நீக்கியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் ஆட்குறைப்பு நடந்தது. சிங்கப்பூரில் வேலை அனுமதி அட்டையில் இருப்பவருக்கு இதன் வலி வேறு. அட்டை ரத்தானால் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் வேறு வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். பிள்ளையின் பள்ளியும் அதோடு போகும்.

அப்படிப்பட்ட நேரத்தில் சமய நம்பிக்கை உள்ள வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் பாடம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறார். அங்கே வழக்கமாகப் பார்க்கும் ஒருவர், "என்ன தம்பி, முகம் வாடியிருக்கு?" என்று கேட்கிறார். விஷயம் தெரிகிறது. "என் மச்சான் கம்பெனியில ஆள் தேடுறாங்க, நாளைக்குப் போன் பண்ணச் சொல்றேன்" என்கிறார். வேண்டுதல் பலித்ததா, மச்சான் பலித்தாரா என்பது வேறு விவாதம். அந்த மனிதரைச் சந்திக்க ஓர் இடம் இருந்தது என்பதே முக்கியம்.

சமயம் இல்லாதவருக்கு அந்த இடம் தானாக அமையாது. முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். நூலகத்தின் தமிழ் வாசகர் வட்டம் இருக்கிறது. சமூக மன்ற இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கிறது. பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்பாளர் குழு, பேட்டையில் பூப்பந்து ஆடும் நாலு பேர் என எதுவாகவும் இருக்கலாம். பொறியாளர்களில் பலருக்கு வேலையிடத்தைத் தவிர வேறு மனிதர்களே இல்லை. வேலை போகும் நாளில் சம்பளமும் நண்பர்களும் ஒரே மின்னஞ்சலில் போய்விடுகிறார்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்கச் சொல்லும் ஆலோசகர்கள், ஆறு குடும்பங்களையும் சேர்த்து வைக்கச் சொன்னால் நல்லது.

வேலையிழந்த அப்பாவிடம் பிள்ளை கேட்கும்: "ஏம்ப்பா நீங்க ஆபீஸ் போகல?" கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல அவரிடம் வசதி இல்லை. பொய்யும் சொல்லக்கூடாது. வேலை போய்விட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன், இத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, கொஞ்ச நாளைக்குச் சிக்கனமாக இருப்போம் என்று பிள்ளைக்குப் புரியும் அளவில் உண்மையைச் சொல்லலாம். பிள்ளைகள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். அப்பா முகம் ஒன்று சொல்லி வாய் வேறொன்று சொல்வதைத்தான் தாங்க மாட்டார்கள்.

பாட்டியும் பள்ளித் தோழியும்

பொறியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதில் பிழை கண்டாலும் உடனே திருத்தப் பார்ப்பார்கள். நிரலில் அது நல்ல குணம். மாமியாரிடம் அல்ல. பாட்டியின் திருநீற்றையும் பணிப்பெண்ணின் சிலுவையையும் திருத்த வேண்டிய பிழைகளாக வீட்டில் பேசினால், பிள்ளை அதைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும். "உன் சாமி பொய்" என்று தோழியிடம் சொல்லும். சிங்கப்பூர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. 1964 ஜூலை 21, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் உயிர்கள் போயின. அந்த நாளைத்தான் இன்று பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக நினைவுகூர்கிறார்கள்.

பாட்டி கோயிலுக்குக் கூட்டிப்போக விரும்பினால் பிள்ளை போகட்டும். தேர் பார்க்கட்டும், பொங்கல் சாப்பிடட்டும். திரும்பி வந்து கேள்வி கேட்கும்போது வீட்டில் ஆள் இருந்தால் போதும். நம்பிக்கை இல்லை என்பதைப் பாட்டியிடம் மறைக்கவும் வேண்டாம், அவர் நம்பிக்கையைப் பரிகசிக்கவும் வேண்டாம். "பாட்டி இப்படி நம்புறாங்க, அப்பா அம்மா அப்படி நம்பல, பெரியவளானதும் நீ யோசிச்சு முடிவு பண்ணு" என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அதன் பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் பல மாலைகள் ஆகும்.

செங்காங் வீட்டில் என்ன நடந்தது?

பாட்டியின் தொலைபேசிக்குப் பிறகு மனைவிதான் பேச்சை எடுத்தார். "என்னங்க, நாம சாமி வேணாம்னு சொன்னோம். பதிலா நாம இருப்போம்னு நினைச்சோம். நாமளும் இல்லையே" என்றார்.

கணவர் வேலையை விடவில்லை. அதற்கு வசதியும் இல்லை. வீட்டுக் கடன் இன்னும் பல ஆண்டுக்கு இருக்கிறது. மேலாளருக்கு எழுதி, இரவு அழைப்புகளை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துக்கொண்டார். மற்ற இரு நாள்களின் குறிப்புகளைக் காலையில் படித்துப் பதில் அனுப்புகிறார். இரண்டு பேர் காலையில் படித்தாலே போதும் என்ற கூட்டத்துக்கு இத்தனை நாள் ஏழு பேர் இரவில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது.

ஆன்-கால் முறைக்கு அவர் கண்ட வழி இன்னும் சுவையானது. சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவு குடும்ப விருந்துக்குப் போக வேண்டிய சகஊழியரின் முறையைத் தாம் எடுத்துக்கொண்டார். நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பரின் முறையை, கிறிஸ்துமஸுக்கு இன்னொருவரின் முறையை. பதிலுக்கு அவர் கேட்டது சாதாரண சனிக்கிழமைகளும் தை முதல் நாளும். பொங்கலுக்குச் சிங்கப்பூரில் பொது விடுமுறை இல்லை என்பதால் அந்த நாளுக்குப் போட்டியும் இல்லை. தீபாவளிக்கு அவரே விடுப்பு எடுத்துக்கொள்கிறார். நம்பிக்கைக்கும் முறுக்குக்கும் சம்பந்தம் இல்லை என்பது அந்த வீட்டின் கட்சி.

முதல் சனிக்கிழமை மாலை, தாத்தாவின் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மகளை அருகில் உட்காரவைத்தார்.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டியேம்மா, தாத்தா எங்கேன்னு?"

"அதுதான் ஏசுகூட இருக்காங்களே."

"அக்கா அப்படி நம்புறாங்க. பாட்டி வேற மாதிரி நம்புறாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தாத்தா உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனிமே வரமாட்டாங்க. வேற எங்கேயும் இருக்காங்கன்னு அப்பா நினைக்கல."

பிள்ளை வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீங்களும் செத்துப்போவீங்களா?"

"ஆமாம்மா. ஆனா அதுக்கு ரொம்ப நாள் இருக்கும்னு நினைக்கிறேன்."

அவள் அழுதாள். அவருக்கும் கண் கலங்கியது. அம்மா சமையலறையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசுவிடம் இருக்கிறார் என்ற பதில் தந்த நிம்மதியை அப்பாவின் பதில் தரவில்லை. அதை அவர்கள் இருவரும் மறுக்கவும் இல்லை. சிறிது நேரம் கழித்து மகள் ஒரு படத்தைக் காட்டி, அதில் தாத்தாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் யார் என்று கேட்டாள்.

அந்தக் கதையைச் சொல்லி முடிக்க இரவு பத்து மணி ஆனது. சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது தாத்தா பின்னால் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கையை விட்டது, பையன் வாய்க்காலில் விழுந்தது, வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் இருவரும் சேர்ந்து பொய் சொன்னது எல்லாம் வந்தது. மறுநாள் காலை பிள்ளை கும்பகோணத்துக்குத் தொலைபேசி போட்டு, அந்தப் பொய்யைப் பாட்டியிடம் உடைத்துவிட்டாள். பாட்டி தமக்கு அது அன்றே தெரியும் என்றார். பிறகு தாத்தாவைப் பற்றி மகனுக்கே தெரியாத இன்னொரு கதையைப் பேத்திக்குச் சொல்லத் தொடங்கினார்.